ஆயில் எங்கே போகிறது?



கார் இன்ஜினுக்குள் ஆயிலை நிறுத்தி வைக்கும் வளையத்தை மெக்கானிக்குகள் ஆயில் சீல் என்பார்கள். இன்று அது பெரும்பாலும் ரப்பர். முதல் தலைமுறை ஆயில் சீல்களோ தோலால் ஆனவை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலால் வாழும் ஊர்களுக்கு நடுவே, வேலூரின் இந்த லாங் பஜாரில் நின்று ஆயில் ஒழுகலைப் பற்றிப் பேசும்போது அந்தக் கதையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

ஜெர்மனியில் வைன்ஹைம் என்றொரு ஊர். கார்ல் ஃப்ராய்டன்பெர்க் 1849இல் அங்கே ஒரு டேனரியை நடத்தத் தொடங்கினார். எண்பது ஆண்டு கழித்து உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. தோலுக்குக் கிராக்கி விழுந்தது. ஆலை ஓட வேண்டுமானால் வேறு சரக்கு செய்தாக வேண்டும். மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. சுழலும் தண்டு இன்ஜினைவிட்டு வெளியே வரும் இடத்திலெல்லாம் ஆயில் ஒழுகியது. நிறுவனத்தின் பொறியாளர் வால்தர் சிம்மர் ஒரு வழி கண்டார். தோலை உதடு மாதிரி வளைத்து, உலோகக் கூட்டுக்குள் பொருத்தி, மெல்லிய சுருள்வில்லால் தண்டின்மேல் அணைத்துப் பிடிக்கச் செய்தார். சிம்மர்ரிங் என்று அவர் பெயரிலேயே அது சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் 1878இல் தொடங்கிய சிகாகோ ராஹைட் என்ற கம்பெனியும் இதே பாதையில்தான் வந்தது: முதலில் இயந்திரங்களுக்குத் தோல் பெல்ட், பிறகு வண்டிகளுக்குத் தோல் சீல்.

தோல் ஏன் இந்த வேலைக்குப் பொருந்தியது? அதன் நார்கள் ஆயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்டு சுழலும்போது அந்த ஈரம்தான் உதட்டையும் உலோகத்தையும் உரசவிடாமல் காக்கும். தோலுக்கு எமன் சூடு. தாவரப் பட்டை கொண்டு பதனிட்ட தோல் 75, 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரிலேயே சுருங்கிவிடும், குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும் என்பது இங்குள்ள டேனரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓடும் இன்ஜினில் ஆயில் 100 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மேடேறும்போது அதையும் தாண்டும். அதனால் 1930களின் நடுவிலேயே வைன்ஹைம்காரர்கள் செயற்கை ரப்பருக்கு மாறினார்கள். தோல் பதனிடுவதை 2002இல் அடியோடு நிறுத்திவிட்டார்கள். சீல் தொழில் மட்டும் உலகம் முழுக்கப் பரந்தது.

நம் ஊரிலும் இதே மாற்றம் நடந்தது, கிராமத்துக் கைப்பம்பில். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் கிரடாஸ் ஆலையில் 1970களின் பிற்பகுதியில் தயாராகி நாடெங்கும் போன இந்தியா மார்க் 2 பம்பில், தண்ணீரை ஏற்றியது தோல் வாஷர். அது தேய்ந்தால் பம்பை அடித்து அடித்துக் கை ஓயும், தண்ணீர் வராது. பின்னாளில் அதன் இடத்தை நைட்ரைல் ரப்பர் பிடித்தது. ஆழ்குழாயோ கார் இன்ஜினோ, பெரிய இயந்திரத்தை ஒரு சின்ன வளையம் முடக்கிவிடும் என்பதில் வேறுபாடில்லை.

இந்த வளையம் சுவர் எழுப்பி ஆயிலைத் தடுக்கவில்லை. தண்டு சுழலும்போது உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் ஆயில் படலம் நிற்கிறது. உதட்டின் இரு பக்கச் சரிவுகளும் ஒரே அளவாக இருக்காது. அந்த வித்தியாசம், வெளியே வரப் பார்க்கும் ஆயிலைத் தொடர்ந்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. படலம் இல்லாவிட்டால் ரப்பர் சில நிமிடங்களில் கருகிவிடும். புது சீலை மாட்டும்போது நல்ல மெக்கானிக் உதட்டில் ஆயில் தடவுவது இதற்காகத்தான். பல மாதம் ஓடாமல் ஷெட்டில் நின்ற கார், எடுத்து ஓட்டிய முதல் வாரத்திலேயே ஒழுகுவதும் இதனால்தான்: உதடு காய்ந்து விறைத்துப் போயிருக்கும்.

அம்பாசடர் இதற்கு ஒரு விசித்திரமான எடுத்துக்காட்டு. 2014 வரை கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரான அந்தக் காரில் பல்லாண்டு காலம் இருந்தது, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த 1,489 சிசி இன்ஜின். அதில் கிராங்க் தண்டின் பின்முனையில் உதடு வைத்த சீலே கிடையாது. தண்டின்மேல் திருகு மரை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அந்த மரை ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். வண்டி ஓடுகிறவரை சரி. இன்ஜினை அணைத்து, பின்பக்கம் தாழ்ந்த சரிவில் நிறுத்தினால் மரைக்கு வேலை இல்லை, ஆயில் சொட்டும். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஓடும்போதும் சொட்டும், கிளட்ச் தட்டிலும் படும். டாக்ஸி ஸ்டாண்டுகளின் தரையில் கறை படிந்ததற்கு ஓட்டுநரின் அலட்சியம் மட்டும் காரணமல்ல. வடிவமைப்பே அப்படி. அந்த நாளில் வண்டி வைத்திருந்தவர்களுக்கு, ‘கார் என்றால் ஆயில் குடிக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்’ என்ற எண்ணம் ஊறிப்போனது. இன்றைய கார்களுக்கு அந்த எண்ணம் பெருங்கேடு.

இன்ஜினில் ஆயில் தானாக மறைவதில்லை. வெளியே ஒழுக வேண்டும், அல்லது உள்ளே எரிய வேண்டும். கேஸ்கெட் பழுதாகி ரேடியேட்டர் தண்ணீரோடு கலப்பது மூன்றாவது வழி. அது அபூர்வம், நடந்தால் ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பழுப்புக் குழம்பு படிந்து காட்டிக்கொடுத்துவிடும். முதல் இரண்டு வழிகளில் எது என்று தெரியாமல் இன்ஜினில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. இந்தச் சொற்பொழிவு முழுவதும் இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

முதலில் ஒழுகல். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. ஓடும்போது பத்து வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 18 மில்லி. சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 கிலோமீட்டர் ஓட 25 மணி நேரம். அதற்குள் 450 மில்லி போய்விடும். சிறிய காரின் சம்ப், அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டி, மொத்தமே மூன்று லிட்டர் சுமார்தான் பிடிக்கும். கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் சொட்டு, இரண்டு மாதத்தில் அளவு பார்க்கும் ஸ்டிக்கின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும்.

ஒழுகும் இடங்களில் முக்கால்வாசி மலிவானவை. டாப்பட் கவர் பேக்கிங் சூட்டில் விறைத்துப்போயிருக்கும். ஆயில் மாற்றும்போது ட்ரெய்ன் போல்ட்டின் பழைய வாஷரையே திரும்ப மாட்டியிருப்பார்கள். பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது ஃபில்டர் ஏறியிருக்கும். உயரம் மீறிய வேகத்தடை சம்பைத் தட்டியிருக்கும். காற்று முன்னாலிருந்து அடிப்பதால் மேலே டாப்பட் கவரில் கசிந்த ஆயில் இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பார்த்ததும், “பேக் சீல் போயிடுச்சு சார், கியர் பாக்ஸ் இறக்கணும்” என்று சொல்லிவிடுவது எளிது. சில நூறு ரூபாய் பேக்கிங்கில் முடிய வேண்டியது பல ஆயிரமாக ஏறும் இடம் இதுதான். இன்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஈரம் தெரிகிற மிக உயர்ந்த புள்ளியைத் தேட வேண்டும். ஆயில் கீழ்நோக்கித்தான் வழியும். மேலே எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் பழுது.

பேக்கிங்குக்குப் பதிலாக அனபாண்ட் என்ற சீலன்ட் பேஸ்ட்டை அள்ளிப் பூசும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அளவாகப் பூசினால் அது நல்ல பொருள். அதிகம் பூசினால் வெளியே பிதுங்குவதில் பாதி உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துணுக்குகள் சம்பில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிட்டால், ஒழுகலைவிடப் பெரிய வினை.

புது சீல் போட்டும் மூன்றே மாதத்தில் மறுபடி ஒழுகுகிற கார்கள் உண்டு. அங்கே சீலைக் குறை சொல்வது வீண். நல்ல நிலையில் உள்ள இன்ஜினிலும், எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சம்புக்குள் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். பழைய இன்ஜின்களில் ஒரு குழாய் அதைத் தெருவில் விட்டது. கலிஃபோர்னியாவில் புகைமூட்டம் தாங்காமல், 1961 மாடல் கார்களிலிருந்து அதை மறுபடி இன்ஜினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் பிசிவி வால்வு வந்தது. பிறகு உலகமே அதை ஏற்றது. பிரீதர் எனப்படும் இந்தச் சின்ன வால்வும் அதன் குழாயும் கரியும் பிசினும் படிந்து அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் எந்த சீல் இளகியிருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அதை மாற்றினால் அடுத்ததைத் தேடும். சோதனை எளிது: இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஊற்றும் துளையின்மேல் தளர்வாக வைத்துப் பார்த்தால், நல்ல இன்ஜினில் லேசான உறிஞ்சலோ மெல்லிய காற்றோதான் இருக்கும். மூடி துள்ளினால், ஒன்று பிரீதர் அடைப்பு, இல்லை ரிங் தேய்மானம். சீலை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் கார்க்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிரீதரைப் பார்த்தீர்களா என்பதுதான்.

தண்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மென்மையான ரப்பர், தூசியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளில் எஃகையே தேய்த்து ஒரு கோடு போட்டுவிடும். புது சீலின் உதடு அதே கோட்டில் உட்கார்ந்தால் பிடிப்பு கிடைக்காது. கூர்ந்த கண்ணுள்ள மெக்கானிக் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைப்பார், அல்லது மெல்லிய எஃகு உறை ஏற்றுவார்.

இனி எரிதல். தரையில் சொட்டு இல்லை, ஸ்டிக்கில் மட்டும் ஆயில் இறங்குகிறது என்றால் அது புகைக்குழாய் வழியாகத்தான் போகிறது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிக்கும் நாலு சிலிண்டர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 1,000 நிமிடப் பயணம். 2,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 5,000 முறை எரிதல் நடக்கிறது; மொத்தம் 50 லட்சம். ஒரு லிட்டரை அதால் வகுத்தால், ஒரு எரிதலுக்கு ஒரு சொட்டில் 250இல் ஒரு பங்கு. இவ்வளவு குறைவாக எரிவதால்தான் பல கார்களில் புகை கண்ணுக்கே தெரிவதில்லை. ‘புகை வரவில்லை, ஆகவே ஆயில் எரியவில்லை’ என்ற வாதம் நிற்காது.

எங்கிருந்து உள்ளே போகிறது என்பதற்கு ஏலகிரி மலைப்பாதை நல்ல சோதனைச்சாலை. பதினான்கு கொண்டையூசி வளைவுகளிலும் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாததால் பெட்ரோல் இன்ஜினின் உறிஞ்சும் வழியில் வெற்றிடம் கடுமையாகும். வால்வு தண்டின் ரப்பர் சீல் தளர்ந்திருந்தால், அந்த வெற்றிடம் மேலிருந்து ஆயிலை இழுக்கும். அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் ஒரு நீலப்புகை மேகம் கிளம்பும். காலையில் ஸ்டார்ட் செய்த உடனே ஒரு குபுக் நீலப்புகை வந்து அடங்குவதும் வால்வு சீல்தான்: இரவெல்லாம் வடிந்த சொட்டுகள் எரிகின்றன. ரிங் தேய்ந்த வண்டியோ மேடேறும்போது, பாரம் இழுக்கும்போது விடாமல் புகைக்கும். வால்வு சீலை மாற்ற ஹெட்டையே பிரிக்காமல் முடிகிற கார்கள் பல உண்டு. ரிங் என்றால் இன்ஜினை இறக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியே கம்ப்ரஷன் பார்த்து, ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் சிலிண்டரைக் கடையும் ரீபோர் பேச்சை எடுக்கக் கூடாது.

தேய்மானத்தால் மட்டும் ரிங் கெடுவதில்லை. எரிபொருள் சிக்கனத்துக்காக உரசலைக் குறைக்க, தயாரிப்பாளர்கள் ரிங்கை மெலிதாக்கி, அதன் பிடியையும் தளர்த்தினார்கள். அதில் சிலர் அளவு தவறினார்கள். டொயோட்டாவின் 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அமெரிக்காவில் பெயர்பெற்ற வழக்கு. 2007 முதல் 2009 வரையிலான கேம்ரி கார்கள் ஆயில் குடிப்பதாகப் புகார்கள் குவிந்தன. பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றி வடிவமைத்ததாக நிறுவனமே பட்டறைகளுக்கு 2011இல் சுற்றறிக்கை அனுப்பியது. பின்னர் வாரண்டியைப் பத்தாண்டுக்கு நீட்டித்தது. ஆடியின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும் அமெரிக்க நீதிமன்றம்வரை போனது. மாட்டிக்கொண்டவர்கள் சாதாரண ஓட்டுநர்கள். அவர்களில் பலருக்கு முதலில் கிடைத்த பதில், ‘இது இயல்புதான்’ என்பது. பல கையேடுகள் இன்றும் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர், சில ஒரு லிட்டர்கூட இயல்பு என்கின்றன. நுகர்வோர் பக்கம் நின்று பார்த்தால் இது மிகத் தாராளமான கணக்கு. நல்ல சிறிய இன்ஜின் ஒரு சர்வீஸிலிருந்து அடுத்த சர்வீஸ்வரை ஸ்டிக்கில் பாதிகூட இறங்காமல் ஓடும்.

லாங் பஜார் வண்டிகளுக்கே உரிய ஒரு ஏமாற்று உண்டு. கடைக்கும் வீட்டுக்கும், மண்டித் தெருவுக்கும் நேதாஜி மார்க்கெட்டுக்கும் என்று இரண்டிரண்டு கிலோமீட்டராக ஓடும் காரில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயில் ஒரு பக்கம் குறைய, கலப்படம் மறுபக்கம் நிரப்ப, ஸ்டிக்கில் அளவு அப்படியே நிற்கும். அதை நம்பி ஒருநாள் நெடுஞ்சாலையில் ஆம்பூர், வாணியம்பாடி தாண்டிப் பெங்களூரு போகிறார்கள். 200 கிலோமீட்டர் நெடுஞ்சாலைச் சூட்டில் பெட்ரோலும் நீரும் ஆவியாகிவிட, போய் இறங்கும்போது ஸ்டிக்கின் நுனிதான் நனைகிறது. ஒரே பயணத்தில் ஒரு லிட்டர் குடித்துவிட்டது என்று வண்டியைத் திட்டுவார்கள். உண்மையில் அது பல மாதமாகக் குறைந்து வந்தது. குறுந்தூரம் ஓடும் கார்களுக்குக் கிலோமீட்டரைப் பாராமல், காலத்தைக் கணக்கிட்டு ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மே மாதத்து வேலூர் வெயில் 40 டிகிரிக்கு மேல். நெரிசலில் நின்றபடி ஓடும் இன்ஜினுக்குக் காற்றோட்டமும் இல்லை. மலிவான ஆயிலின் லேசான பகுதிகள் ஆவியாகி, பிரீதர் வழியே போய் எரியும். இதை அளக்க நோவாக் என்றொரு சோதனை இருக்கிறது: 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரத்தில் 15 சதவீதம்வரை அனுமதி. நல்ல சிந்தெடிக் ஆயில்கள் அதற்கு வெகு கீழே நிற்கும்.

குறைகிறதே என்று 5டபிள்யூ30 கேட்கும் காருக்கு 20டபிள்யூ50 ஊற்றுவது இன்னொரு வழக்கம். தேய்ந்த பழைய இன்ஜினில் அது சில மாதம் தாக்குப்பிடிக்கும். இன்றைய இன்ஜினில் வால்வு நேரத்தை மாற்றும் நுண்ணிய வழிகளும், டர்போவும் அந்தத் தடித்த ஆயிலுக்காகக் காத்திருந்து தேயும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ தண்டுக்கு ஆயில் வரும் வழியும் திரும்பும் வழியும் இரண்டுமே திறந்திருக்க வேண்டும். திரும்பும் குழாய் அடைத்தால், டர்போ நன்றாக இருந்தாலும் ஆயில் காற்றுக்குழாய்க்குள் தள்ளப்படும். பலர் அங்கே டர்போவையே மாற்றிவிடுகிறார்கள்.

மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் குறையாக ஓட்டுவது போலவே தவறு; கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குகள் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கும். அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும். அடுத்த பங்க்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்பது இன்ஜினைப் பலிகொடுக்கும் யோசனை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மேல் கோடுவரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் வண்டிக்கடியில் ஓர் அட்டை விரியுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி மேல் கோடுவரை ஊற்ற எவ்வளவு ஆனது என்று அளவுக் குவளையில் பாருங்கள். அமெரிக்காவில் டொயோட்டா டீலர்கள் செய்த சோதனையும் இதேதான், தூரம் மட்டும் 1,200 மைல். அட்டை சுத்தமாக இருந்து குவளையில் கணக்கு ஏறினால் எரிகிறது. அட்டை நனைந்தால் ஒழுகுகிறது. இந்த இரண்டு விவரத்தோடு பட்டறைக்குப் போகிறவரிடம் யாரும் தேவையில்லாமல் இன்ஜினை இறக்கச் சொல்ல முடியாது.

எரிவதைப் பொறுத்துக்கொண்டு ஊற்றி ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு 2020 ஏப்ரல் முதல் புதிய செலவும் சேர்ந்திருக்கிறது. பிஎஸ் 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. எரிந்த ஆயிலின் சாம்பல் அதில் தங்கிவிடும். கரியை எரித்துச் சுத்தம் செய்யலாம், சாம்பலை எரிக்க முடியாது. பெட்ரோல் கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும்.

ஒழுகும் ஆயில் போய்ச் சேரும் இடமும் நம் கவலையாக இருக்க வேண்டும். தோல் கழிவால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதற்காக, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது; மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்த மண்ணின் வழக்கால். அதே நெறி பட்டறை வாசலுக்கும் பொருந்தும். கழிவு ஆயில் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு; 2024 ஏப்ரலிலிருந்து, விற்ற ஆயிலில் ஒரு பங்கையாவது மறுசுழற்சிக்குத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு தயாரிப்பாளர்கள்மீது சட்டப்படி விழுந்திருக்கிறது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, பட்டறையில் வடித்த பழைய ஆயில் எந்தப் பீப்பாய்க்குப் போகிறது, அதை யார் எடுத்துப் போகிறார் என்று கேளுங்கள். பதில் கழிவுநீர்க் கால்வாய் என்றால், அடுத்த பட்டறைக்குப் போங்கள்.